டாரண்ட் சர்வர் போட்டேன், மூணு நாள் ஃபயர்வாலையே திட்டுனேன்

ரொம்ப நாளா ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த சர்வர்) சும்மாவே ஓடிக்கிட்டு கெடக்கு, அதுல ஏதாவது உருப்படியா பண்ணலாம்னு தோணுச்சு. லினக்ஸ் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) எல்லாம் நான் டாரண்ட்லதான் எறக்குவேன், அதாவது எறக்குறவங்களே ஒருத்தருக்கொருத்தர் துண்டு துண்டா குடுத்துக்குற முறை, 100 சதவீதம் வந்த உடனே மூடிட்டு போயிடுற ஆளு நான், திருப்பி யாருக்கும் ஒரு பைட் கூட குடுத்ததில்ல. சரி, அந்தக் கடனக் கொஞ்சம் அடைப்போம், நாலஞ்சு ஐஎஸ்ஓவ 24 மணி நேரமும் சீட் பண்ணுவோம், அதாவது மத்தவங்களுக்கு குடுத்துக்கிட்டே இருப்போம்னு முடிவு பண்ணேன். டாரண்ட்னு சொன்னாலே திருட்டுப் படமான்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. ப்ராம் கோஹன் 2001ல இத வெளியிட்டதுல இருந்து பெரிய ஃபைல விநியோகம் பண்றதுக்கு இத விட சிக்கனமான வழி எனக்கு தெரிஞ்சு வேற இல்ல, டெபியன், உபுண்டு எல்லாரும் அவங்களே டாரண்ட் ஃபைல் குடுக்குறாங்க. ஆனா சர்வர் வாடகைக்கு எடுத்த எடத்துல டாரண்ட் ஓட்ட அனுமதி இருக்கான்னு விதிமுறைய ஒரு தடவ படிச்சிருங்க, சில எடத்துல எந்த டாரண்டா இருந்தாலும் கூடாதும்பாங்க.

ட்ரான்ஸ்மிஷன்ங்கிற டாரண்ட் மென்பொருளோட டீமன் (பின்னணியிலயே ஓடுற வடிவம்) தான் போட்டேன். ஸ்க்ரீன் இல்லாத சர்வருக்கு அது லேசா இருக்கும், ப்ரவுசர்லயே பாத்துக்கலாம். உபுண்டு 22.04, ஆப்ட் இன்ஸ்டால் ஒரே வரி, அரை நிமிஷம், முடிஞ்சது. இன்ஸ்டால் ஆன உடனே அதுவா ஓட ஆரம்பிச்சிரும், இந்த ஒரு விஷயம்தான் பின்னாடி என் உயிர வாங்குச்சு.

ப்ரவுசர்ல அதோட பேஜ் இருக்குற 9091 போர்ட்டுக்கு போனா 403, அனுமதி இல்லங்கிற பிழை. சரி ஃபயர்வால் (வெளிய இருந்து வர்ற இணைப்பத் தடுக்குற காவல்) தான்னு முடிவு பண்ணி அதுல ஒரு ரூல் தொறந்தேன், அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் கோவத்துல ஒரு ரேஞ்சையே தொறந்து விட்டேன், அப்பவும் 403. இப்ப நெனச்சா சிரிப்பா வருது. 403னு பதில் வருதுன்னாலே நம்ம ரிக்வெஸ்ட் உள்ள போய் சேந்து, உள்ள இருக்குறவன் அத படிச்சுப் பாத்து, "நீ வராத"ன்னு சொல்லி அனுப்பிருக்கான்னு அர்த்தம். ஃபயர்வால் தடுத்திருந்தா பொதுவா பதிலே வராது, பேஜ் சும்மா சுத்திக்கிட்டே இருந்து டைம் அவுட் ஆகும். இது எனக்கு தெரியாத விஷயம் இல்ல, அந்த நேரத்துல மூளை வேல செய்யல.

தடுத்தது ட்ரான்ஸ்மிஷனே தான். அதோட செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு வைட்லிஸ்ட் (யார உள்ள விடலாம்ங்கிற பட்டியல்) இருக்கும், அதுல 127.0.0.1, அதாவது அந்த சர்வர மட்டும் போட்டிருக்கும், வேற எங்க இருந்து வந்தாலும் வெளிய போன்னுரும். சரின்னு ஃபைல தொறந்து மாத்துனேன், சேவ் பண்ணேன், ரீஸ்டார்ட் பண்ணேன், திரும்ப 403. ஃபைல திரும்ப தொறந்து பாத்தா நான் எழுதுனது காணோம், பழசே இருக்கு! நாமதான் சேவ் பண்ணலையோன்னு திரும்ப எழுதுனேன், திரும்ப காணோம். ஒரு கட்டத்துல சர்வர எவனோ ஹேக் பண்ணிட்டான்னு லாக் எல்லாம் தேட ஆரம்பிச்சிட்டேன்.

நடந்தது என்னன்னா டீமன் ஓடும்போது செட்டிங்ஸ மெமரில வச்சிருக்கும், நிறுத்தும்போது மெமரில இருக்குறத அப்படியே ஃபைல்ல எழுதிட்டு சாகும். ரீஸ்டார்ட்னா மொதல்ல நிறுத்துறது, அப்புறம் கெளப்புறது, அந்த நிறுத்துற நொடியிலயே நான் எழுதுனது மேல பழசு ஏறிடுது. மொதல்ல ஸ்டாப், அப்புறம் எடிட், அப்புறம் ஸ்டார்ட், இதான் வழி. இல்ல எடிட் பண்ணிட்டு ரீஸ்டார்ட் குடுக்காம ரீலோட் குடுக்கணும், அப்ப ஃபைல திரும்ப படிச்சுக்கும். பாஸ்வேர்டும் அதே ஃபைல்ல சும்மா எழுத்தா போடலாம், அடுத்த தடவ பாக்கும்போது அதுவே ஹேஷ் (கைரேகை மாதிரி ஒரு குறியீடு) ஆக்கி வச்சிருக்கும், நெளி அடைப்புக்குறியோட ஆரம்பிக்கிற ஒரு நீளமான கிறுக்கல், பாத்து பயந்துராதீங்க.

கடைசில வைட்லிஸ்ட்ல என் ஐபிய சேக்கவே இல்ல. வீட்டு ஐபி தெனம் மாறுது, எத்தன தடவ மாத்துறது? அதுக்கு பதிலா வெப் பேஜ 127.0.0.1லயே கட்டிப் போட்டுட்டு, எஸ்எஸ்ஹெச் டனல் (சர்வருக்கு போற பூட்டுன பாதை) வழியா என் லேப்டாப்போட 9091அ சர்வரோட 9091க்கு இழுத்துக்கிட்டேன். ட்ரான்ஸ்மிஷனுக்கு அது உள்ளூர் ஆள் கேக்குற மாதிரி தெரியும், வெளி உலகத்துக்கு அந்தப் பக்கம் இருக்குறதே தெரியாது.

அடுத்து பெர்மிஷன். ஐஎஸ்ஓவ வைக்க என் ஹோம் ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபோல்டர் போட்டேன், பெர்மிஷன் டினைட். 777, அதாவது யார் வேணா என்ன வேணா பண்ணலாம்னு குடுத்தேன் (திட்டாதீங்க), அப்பவும் டினைட். டீமன் தனி யூசரா ஓடுது, டெபியன்-ட்ரான்ஸ்மிஷன்னு பேரு. உபுண்டு 21.04ல இருந்து ஹோம் ஃபோல்டருக்கு 750 (வெளியாளுக்கு எதுவும் கெடையாது) தான் குடுக்குறாங்க, அதனால அந்த யூசரால வாசல்படியே தாண்ட முடியாது, உள்ள ரூம் கதவ எவ்வளவு அகலமா தொறந்து வச்சு என்ன? ஹோம்ல இருந்து வெளிய கொண்டு வந்து தனி ஃபோல்டர் போட்டு, அந்த யூசர் பேர்ல எழுதி வச்ச உடனே சரியாச்சு.

உமாஸ்க் (புது ஃபைலுக்கு எந்தெந்த பெர்மிஷன் கூடாதுங்கிற எண்) கத இன்னும் கேவலம். செட்டிங்ஸ்ல 18னு இருந்துச்சு, இது என்னடா நம்பர், 22ன்னுல்ல இருக்கணும்னு நானே "திருத்தி" 22 போட்டேன். அந்த செட்டிங்ஸ் ஃபைல் இருக்குற ஜேசன் வடிவத்துல ஆக்டல் (எட்ட அடிப்படையா வச்ச எண்) கெடையாது, எல்லாம் டெசிமல்தான். ஆக்டல் 022அ டெசிமல்ல எழுதுனா 18, அதத்தான் அவங்க சரியா போட்டிருக்காங்க. நான் போட்ட 22 ஆக்டல்ல 026 ஆயிடுச்சு, அதுக்கப்புறம் எறங்குன எந்த ஃபைலையும் என் யூசரால படிக்கக்கூட முடியல. நான் வச்சிருக்குறது ட்ரான்ஸ்மிஷன் 3.00, 4.0ல இருந்து இத ஸ்ட்ரிங்கா (எழுத்தா) மாத்தி வழக்கமான மாதிரியே எழுத விட்டுட்டாங்க, நல்லதாப் போச்சு.

இதெல்லாம் முடிஞ்சு பாத்தா அப்லோட் முக்கி முனகிக்கிட்டு போகுது. மத்தவங்க நம்மகிட்ட வர்றதுக்கான 51413 போர்ட் க்ளோஸ்டுன்னு காட்டுது. போர்ட் மூடியிருந்தாலும் டாரண்ட் ஓடும், நாமளா போய் மத்தவங்கள கூப்பிடலாம், ஆனா அவங்களும் மூடி வச்சிருந்தா ரெண்டு பேரும் சந்திக்கவே முடியாது. சீட் பண்றவன் கதவ சாத்திட்டு ஒக்காந்தா என்ன பிரயோஜனம். டிசிபி, யுடிபி ரெண்டுமே தொறக்கணும், டிஹெச்டியும் (ஆளுங்கள தேடுறது) மியூடிபியும் (டேட்டா அனுப்புற ஒரு முறை) யுடிபிலதான் போகும். சர்வர்ல ரூல் கரெக்டா இருந்துச்சு, ஆனா சர்வர் குடுக்குறவங்களோட கண்ட்ரோல் பேனல்ல தனியா இன்னொரு ஃபயர்வால் இருக்கு, அதுல இந்த 51413 மூடியிருந்துச்சு. அதாவது மூணு நாளா நான் ஃபயர்வால திட்டுனதுல இந்த ஒரு தடவதான் அது நெசமாவே குற்றவாளி, அப்ப பாத்து நான் அத சந்தேகமே படல.

அப்லோடுக்கு லிமிட் போட மறந்துராதீங்க. அது நொடிக்கு இத்தன கிலோபைட்ங்கிற கணக்கு, கிலோபிட் இல்ல. 1000ன்னு விட்டா ஒரு நாளைக்கு 86 ஜிபி, மாசத்துக்கு 2.5 டிபிக்கு மேல போயிரும். நான் 300 வச்சிருக்கேன், மாசம் 780 ஜிபி கிட்ட வரும், என் பிளானுக்குள்ள அடங்கிரும். லாக்ல யுடிபி பஃபர் 4194304 கேட்டேன், கெடைக்கலன்னு ஒரு புலம்பல் வரும், கெர்னல்ல ஆர்மெம் மேக்ஸ், அதாவது அந்த பஃபரோட உச்ச வரம்ப ஏத்துனா அடங்கிரும், ஏத்தலன்னாலும் ஒண்ணும் ஆகல.

இன்னொரு குறுக்கு வழி, ஐஎஸ்ஓ ஏற்கனவே உங்ககிட்ட இருந்தா அத ஃபோல்டர்ல போட்டுட்டு அதே டாரண்ட சேத்து வெரிஃபை குடுங்க, ஒவ்வொரு துண்டா ஹேஷ் பாத்து நேரா 100க்கு வந்துரும், திரும்ப எறக்க வேண்டாம்.

இப்ப நாலு ஐஎஸ்ஓ ஓடுது, நேத்து பாத்தப்ப ஒண்ணு ரேஷியோ (எறக்குனத விட எத்தன மடங்கு குடுத்திருக்கோம்ங்கிறது) 9அ தாண்டிருச்சு. மொத நாள் கோவத்துல தொறந்து விட்ட அந்த போர்ட் ரேஞ்ச் ரூல் இன்னும் அப்படியே கெடக்கு, இத எழுதும்போதுதான் ஞாபகம் வருது, போய் மூடிட்டு வரேன்.