பழைய பதிவேடுகளை வைத்து மருந்துப் பாதுகாப்பு ஆய்வு: நான் பட்ட பாடு

ஆய்வு ஒருவழியாக முடிந்து, கட்டுரையும் மதிப்பீட்டுக்குப் போய்விட்டது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் நான் அலைந்த அலைச்சலில் பாதியாவது மிச்சம் பிடிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம் புதிதல்ல. சில வகை பிரஷர் மாத்திரைகள், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றையும் ஒருவர் சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரகம் திடீரென்று அடிபடலாம். வலி மாத்திரை என்று நான் சொல்வது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை, பாராசிட்டமாலை அல்ல. சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை வலி மாத்திரை சுருக்கிவிடும். வெளியேறும் குழாயை அந்த பிரஷர் மாத்திரை தளர்த்திவிடும். நீர் மாத்திரையோ உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவையே குறைக்கும். வடிகட்டத் தேவையான அழுத்தம் இல்லாமல் போகும். இது எங்கள் மருத்துவமனை நோயாளிகளிடம் எவ்வளவு நடக்கிறது என்று பழைய பதிவேடுகளிலிருந்து பார்ப்பதுதான் திட்டம்.

ஆய்வுத் திட்டம் எழுதுவது, கைடு கையெழுத்து, துறை ஒப்புதல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. நெறிமுறைக் குழுவில்தான் முதல் தடங்கல். "இவை ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகள்தானே, இன்னும் எதற்கு ஆய்வு?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ரோஃபிகாக்ஸிபை எடுத்துச் சொன்னேன். 1999இல் அனுமதி பெற்று, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் சாப்பிட்ட வலி மாத்திரை அது. மாரடைப்பு ஆபத்து தெரியவந்து 2004இல்தான் சந்தையிலிருந்து போனது. அனுமதிக்கு முந்தைய சோதனைகளில் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். 3000 பேரில் ஒருவருக்குக்கூட ஒரு பக்கவிளைவு வரவில்லை என்றாலும், அது ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியதாக இருக்கலாம். அந்தச் சோதனைகளில் வயதானவர்களையும், சிறுநீரகம் பலவீனமானவர்களையும், பத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் பெரும்பாலும் சேர்ப்பதும் இல்லை. எங்கள் வார்டில் இருப்பவர்களோ அவர்கள்தான்.

குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் கோப்பு திரும்பி வந்தது. பழைய பதிவேடுகளை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு ஒவ்வொரு நோயாளியிடமும் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு கிடைக்கும், ஆனால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். காரணத்தையும் எழுத வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று இடமே இல்லை. தனிக் கடிதம் இணைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் யாரும் சொல்லவும் இல்லை. அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருப்பு.

அனுமதிக் கடிதத்தோடு ரெக்கார்டு பிரிவுக்குப் போனால், அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுல நோயாளி பதிவேடுன்னு மட்டும்தான் போட்டிருக்கு மேடம். லேப் ரிசல்ட் எங்களோடது இல்ல. ஃபார்மசி ரெக்கார்டும் எங்களோடது இல்ல."

லேபுக்குப் போனேன். அவர்கள் பெயர் போட்டுக் கடிதம் வேண்டும் என்றார்கள். மருந்தகத்திலும் அதேதான். மூன்றும் ஒரே கட்டடத்துக்குள், ஆனால் மூன்று தனி ராஜ்ஜியம். மறுபடி நெறிமுறைக் குழு, மறுபடி திருத்தம். தயவுசெய்து முதல் விண்ணப்பத்திலேயே தகவல் எங்கெங்கிருந்து வரப் போகிறது என்பதை ஒவ்வொன்றாக, துறையின் பெயரோடு எழுதிவிடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும் அதில் இருக்கட்டும். பெயர், முகவரி, தொலைபேசி எண் வேண்டாம், குறியீட்டு எண் போதும் என்று எழுதினால் அவர்களுக்கும் பயம் குறையும்.

தகவல் கைக்கு வந்த பிறகுதான் நிஜமான தலைவலி. புறநோயாளியாக வந்தபோது ஒரு எண், அதே ஆள் அட்மிட் ஆனால் வேறு எண். பழைய சீட்டில் வலி மாத்திரை எழுதப்பட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை இன்னொரு எண்ணில் கிடக்கிறது. இரண்டையும் இணைக்க வழியே இல்லை என்று கம்ப்யூட்டர் பிரிவில் கைவிரித்துவிட்டார்கள். லேபில் ரொம்ப வருடமாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர், அட்மிஷன் ஆனவர்களுக்கு இரண்டு எண்ணையும் சேர்த்துக் கையால் எழுதி வந்த நோட்டை எடுத்துக் காட்டினார். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்த நோட்டு இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை. அதிகாரியிடம் கேட்பதோடு நிறுத்தாமல், வேலையைக் கையால் செய்கிறவர்களிடமும் கேளுங்கள்.

அப்புறம் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு. ஒரு வரியில் 1.1, அடுத்த வரியில் 97. முதலாவது மில்லிகிராம் கணக்கு, இரண்டாவது மைக்ரோமோல் கணக்கு, 88.4ஆல் வகுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் எப்போதோ அலகை மாற்றியிருக்கிறார்கள், எங்கேயும் குறிக்கவில்லை. ஏழு நாளுக்குள் கிரியேட்டினின் ஒன்றரை மடங்கு ஏறினாலே திடீர் சிறுநீரக பாதிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அலகைப் பார்க்காமல் கணினியில் ஓட்டியிருந்தால் பாதி நோயாளிகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாகக் காட்டியிருக்கும். எந்தத் தகவல் வந்தாலும் முதலில் மிகக் குறைந்த மதிப்பையும் மிக அதிக மதிப்பையும் பாருங்கள்.

முதல் கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பாதிப்பு குறைவு என்று வந்தது. வலி மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. யாருடைய சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமோ, அவர்களுக்கு டாக்டர்கள் அதை எழுதுவதே இல்லை. பாதிப்பு வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் எல்லாரும் மாத்திரை சாப்பிடாத பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். அதனால் புதிதாக வலி மாத்திரை தொடங்கியவர்களை, புதிதாக பாராசிட்டமால் தொடங்கியவர்களோடு மட்டும் ஒப்பிட்டோம். இரு பக்கமும் வலிக்காக வந்தவர்கள்தான். இப்படிச் செய்ததும் கணக்கு தலைகீழானது, வலி மாத்திரை பக்கம் பாதிப்பு கூடுதல். இந்த ஒப்பீட்டைத் திட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது எங்களைக் காப்பாற்றியது. முடிவைப் பார்த்த பிறகு மாற்றினீர்களா என்று கேட்டால் காட்டுவதற்குத் தேதியிட்ட காகிதம் இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு ஓட்டை பாக்கி. வலி மாத்திரையைச் சீட்டு இல்லாமலே வாங்கிவிடுகிறார்கள். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கொஞ்சம் பேரை மட்டும் போனில் கேட்க இன்னொரு திருத்த அனுமதி வாங்கினோம். எங்களிடம் குறியீட்டு எண் மட்டுமே இருந்ததால் ரெக்கார்டு பிரிவே பேசி, சம்மதித்தவர்களின் தொலைபேசி எண்ணை மட்டும் தந்தது. வயதான ஒருவர், "டாக்டர் குடுத்தது தவிர ஒண்ணும் சாப்பிடறதில்லம்மா" என்றார். பக்கத்தில் இருந்த மருமகள் போனை வாங்கி, "மூட்டு வலிக்கு ராத்திரி ராத்திரி ஒண்ணு போட்டுக்கறாரே மேடம்" என்றார். அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. அதனால் "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்காதீர்கள். "வலி வந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். கேள்வியை இப்படி மாற்றிய பிறகு எங்களுக்குக் கிடைத்த பதில்கள் வேறு மாதிரி இருந்தன.

எழுதும்போது ரெக்கார்டு-பிஇ என்ற 2018ஆம் ஆண்டுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேடுகளை வைத்துச் செய்யும் மருந்து ஆய்வில் எதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கிறது. சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை பற்றிய குறையை நாங்கள் கட்டுரையின் கடைசியில் ஒளித்து வைக்காமல், சுருக்கத்திலேயே சொல்லியிருக்கிறோம். கைடு முதலில் தயங்கினார், பிறகு சரி என்றார்.