பேரப்பிள்ளைகளின் பெயர்கள்

காலையில் டீக்கடை டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது: 'பேச்சுவார்த்தை தோல்வி?'

உள்ளே இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்குள் அந்தக் கேள்விக்குறி.

"எல்லாம் போட்டோவுக்குண்ணே" என்றார் மாஸ்டர், டீயை ஆற்றிக்கொண்டே.

போட்டோ என்றதும் எனக்கு கேம்ப் டேவிட் ஞாபகம். அமெரிக்க அதிபரின் ஓய்வு இல்லம் அது.

1978 செப்டம்பர். அங்கே சமாதானப் பேச்சு. எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் நேருக்கு நேர் பேசினாலே சண்டை. அமெரிக்க அதிபர் கார்ட்டர்தான் கேபினுக்குக் கேபின் வரைவுத்தாளோடு நடந்தார். 13ஆம் நாள் பெகின் கிளம்பத் தயார். பேரப்பிள்ளைகளுக்காகக் கையெழுத்துப் போட்ட படங்கள் கேட்டிருந்தார். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பெகின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். குரல் உடைந்தது.

அன்றிரவே முதல் உடன்பாட்டில் கையெழுத்து.

அப்புறமும் ஆறு மாதம் இழுபறி. 1979 மார்ச்சில் கார்ட்டர் கெய்ரோவுக்கும் ஜெருசலேமுக்கும் அலைந்தபோது, பயணம் தோல்வி என்றுதான் செய்தி போனது. 26ஆம் தேதி சமாதான ஒப்பந்தமே கையெழுத்தாகிவிட்டது. எகிப்தும் இஸ்ரேலும் அதன்பின் போருக்குப் போகவில்லை. (பாலஸ்தீனர் விஷயம் தொங்கலில் நின்றது, அது தனிச் சோகம்.)

மாஸ்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். சேனலை மாற்றிவிட்டார்.