வள்ளி திருமணம் பார்க்கப் போகிற பிள்ளைகள்

மே 14, புதன்

வைகாசித் திருவிழா நோட்டீஸ் வந்துவிட்டது. 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குக் கோயில் திடலில் வள்ளி திருமண நாடகம். படிப்பகச் சுவரில் ஒட்டியதும் சாயங்கால வகுப்புப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (பலவிதச் சத்தம் எழுப்புகிறவர்) என்று ஒவ்வொருவர் படமும் போட்டு, பெயருக்கு முன்னால் ஊரும் போட்டிருந்தது. மதுரை, காரைக்குடி, திண்டுக்கல், நம் புதுக்கோட்டை.

“எல்லாரும் வேற வேற ஊரா இருக்காங்களே, எப்ப டீச்சர் ஒத்திகை பார்ப்பாங்க?” என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்.

ஒத்திகையே கிடையாது என்றேன். நம்பவில்லை. ஸ்பெஷல் நாடகம் என்றால் அப்படித்தான். ஒரே கம்பெனியாகச் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து ஊர் ஊராகப் போன காலம் முடிந்துவிட்டது. இப்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்குகிறார்கள். அன்று சாயங்காலம் அவரவர் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, வேஷம் கட்டி, நேரே மேடை. முன்பின் சேர்ந்து நடித்திராத இருவர்கூட வள்ளியும் முருகனுமாக விடிய விடிய நிற்பார்கள். இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கிறது.

“மறந்துட்டா என்ன செய்வாங்க?”

அதைத்தான் கவனித்துப் பார்க்கப் போகிறோம் என்றேன்.

ஒவ்வொரு வருஷமும் நம் பிள்ளைகள் பலூனும் ஐஸும் வாங்கிக்கொண்டு பபூன் வரும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். வள்ளி வருவதற்குள் தூங்கிவிடுகிறார்கள். காலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். நாடகம் என்றால் வயசானவர்கள் பார்ப்பது என்று அவர்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. இந்த வருஷம் வள்ளி எதிரே வருகிறவரோடு வாதாடுகிற தர்க்கம் நடக்கும்போது இவர்கள் விழித்திருக்க வேண்டும்.

மே 16, வெள்ளி

கதை சொன்னேன். முடிவையும் மறைக்கவில்லை. இந்த நாடகத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பது மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். எப்படிச் சொல்லப் போகிறார்கள் என்பதற்காகத்தான் தூக்கம் முழிக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் அந்த வசதி வேண்டும்.

வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தை கிடைத்தது, குறவர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்த்தது, தினைப்புனக் காவலுக்கு அனுப்பியது, நாரதர் போய் முருகனிடம் சொன்னது, முருகன் வேடனாக வந்தது, நம்பி வந்தபோது வேங்கை மரமாக நின்றது, கிழவனாக வந்து தினைமாவும் தேனும் கேட்டது, கடைசியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரச்சொன்னது. யானை என்றதும் சின்னதுகள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தன.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் முகத்தைச் சுளித்தாள். “வள்ளி வேண்டாம்னு சொல்லுதுல்ல? அப்புறமும் ஏன் திரும்பத் திரும்ப வேற வேஷத்துல வர்றாரு?”

நல்ல கேள்வி. அவசரப்பட்டு மூடிவிடக் கூடாத கேள்வி. வள்ளி போன பிறவியில் திருமாலின் மகளாக இருந்து முருகனை அடையத் தவம் செய்தவள் என்று கந்தபுராணத்தில் வருவதைச் சொன்னேன். “அது அதுக்கு ஞாபகம் இருக்கா?” என்று மடக்கினாள். அப்புறம் நான் நினைப்பதைச் சொன்னேன்: சுவாமிகளின் நாடகத்தில் வள்ளி வாயடைத்து நிற்கிறவள் இல்லை. நாரதரோ வேடனோ யார் வந்தாலும் கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு. ராத்திரியில் பெரும்பங்கு அந்தத் தர்க்கத்துக்கே போகிறது. சாமியே ஆனாலும் அவளிடம் பேசித்தான் ஆகவேண்டும். “நீ போய்ப் பார். சரியாகப் பதில் சொல்கிறாளா என்று பார்த்து வந்து சொல்” என்றேன். சரி என்றாள், ஆனால் சமாதானம் ஆகவில்லை. ஆக வேண்டாம், அந்தக் கேள்வியோடு போய் உட்காரட்டும்.

மே 19, திங்கள்

தினைப்புனத்தில் காவல் இருக்கிற உயர மேடை பரண், கல் எறிகிற கவண், பறவை விரட்டுகிற கூப்பாடு ஆலோலம். மூன்றும் இவர்கள் கண்ணில் படாதவை. பரண் என்றால் வீட்டுக்குள் சாமான் போட்டுவைக்கிற இடம் என்றுதான் தெரியும். ஒரு பையனின் தாத்தா பனைநாரில் கவண் திரித்துக் கொடுத்தார். கல்லுக்குப் பதில் களிமண் உருண்டை. கண்மாய்க்கரையில் வரிசையில் நின்று சுழற்றினார்கள். ஒரு நுனியை விரலில் மாட்டிக்கொண்டு மற்ற நுனியை எந்த நொடியில் விடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முன்னால் விட்டால் உருண்டை முதுகுப்பக்கம் போகிறது, பிந்தினால் காலடியில் விழுகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் பிள்ளை எதிர்க்கரை வரை எறிந்தாள். அவளைப் பார்த்த பிறகு, வள்ளி தனியாகக் காட்டில் காவல் இருந்தாள் என்பது யாருக்கும் பாவமாகத் தெரியவில்லை.

“எங்க கடலைக்காட்டுக்கு மயில்தான் வருது. மயிலை விரட்டலாமா?” என்றான் ஒருவன். இந்தப் பக்கம் கடலை போடுகிறவர்களுக்கு மயில் பெரிய தொந்தரவு, விளையாட்டுப் பேச்சில்லை. முருகனின் மயில் வந்தால் வள்ளி என்ன பாடியிருப்பாள் என்று ஆளுக்கு ஒரு வரி கட்டினார்கள். ‘ஆலோலம்’ என்று இழுத்துக் கூப்பிடுகிற அந்தக் குரல் மட்டும் எல்லாருக்கும் உடனே வந்துவிட்டது.

தினை வாங்கி வறுத்து இடித்துத் தேன் விட்டுப் பிசைந்தோம். கிழவனுக்கு ஏன் தண்ணீர் தவித்தது என்று தின்றவுடனே புரிந்துவிட்டது.

மே 22, வியாழன்

வடக்குத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பல வருஷம் நாடகத்துக்குப் பெட்டி வாசித்தவர். பெட்டி என்றால் ஆர்மோனியம். நாடகக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவருடையது காலால் மிதித்து வாசிக்கிற பழைய பெட்டி. நடுவில் உள்ள கட்டைகள் தேய்ந்து குழிந்திருக்கின்றன, ஓரத்துக் கட்டைகள் புதிதாக இருக்கின்றன. “பாட்டு முழுக்க இங்கதான் நடக்கும்” என்று அந்தக் குழிவைத் தடவிக் காட்டினார். பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில் வைக்கச் சொல்லி ஒரு சுரத்தைப் பிடித்தார். மரத்துக்குள் ஓடிய அதிர்வு கையில் தெரிந்ததும் ஒரு வாண்டு கையை இழுத்துக்கொண்டது, அப்புறம் மறுபடியும் வைத்தது.

அவர் சொன்ன ஒரு விஷயத்துக்காகவே எல்லாரையும் அங்கே கூட்டிப்போனது வீண்போகவில்லை. நடிகர் வசனம் பேசிக்கொண்டே இருப்பார், எந்த இடத்தில் பாட்டு எடுப்பார் என்று பெட்டிக்காரருக்குத் தெரியாது. வாயசைவையும் தோளையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எடுத்தவுடன் அந்தச் சுருதியைப் பிடித்து, அடி முடிகிற இடத்தில் பின்பாட்டும் பாடவேண்டும். “ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டு இருப்போம். அது கிடைச்சிருச்சுன்னா கூட்டமே நிமிரும். நீங்க அதைக் கேளுங்க.” வீட்டுக்குப் போய் இதை அப்படியே எழுதிவைத்தேன்.

ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடுகிறார்கள் என்று கேட்டார்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கவேண்டுமே. அந்தக் காலத்து நாடக நட்சத்திரங்களான செங்கோட்டைக் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் வள்ளி திருமணத்தில் சேர்ந்து நடித்ததைச் சொல்லும்போது பெரியவரின் குரலே மாறியது. அவரும் அவர்களை நேரில் பார்த்தவர் இல்லை. கிட்டப்பா 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். தன் ஆசிரியரிடம் கேட்டதை இவர் சொல்கிறார், இவர் சொன்னதை இனி இந்தப் பிள்ளைகள் சொல்வார்கள்.

மே 24, சனி

இரண்டு தாய்மார்கள் வந்தார்கள். பபூன், டான்ஸ் பகுதியில் பேச்சு ஒரு மாதிரி இருக்கும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி என்றார்கள். கவலை நியாயமானது. விழாக்குழுவிடம் பேசினேன். முன்வரிசையில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று பபூனிடம் முன்கூட்டியே சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள். ஊர் கேட்டுக்கொண்டால் அவர்கள் மதிப்பார்கள். ஒரு பபூன் ஒற்றை ஆளாக நின்று, பாடி, ஆடி, ஆயிரம் பேரைச் சிரிக்கவைத்துத் திடலை அமர்த்திக் கொடுக்கவில்லை என்றால் பின்னால் வள்ளி வந்து பாட முடியாது. டான்ஸ் வேஷம் கட்டுகிற பெண்களைப் பற்றி ஊரில் பேசுகிற பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. அவர்களும் அந்த ராத்திரியின் கலைஞர்கள். பிள்ளைகளிடம் அதையும் சொன்னேன்: மேடையில் இருக்கிற யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

மே 26, திங்கள்

இன்று தர்க்கப் பயிற்சி. வேடன் வள்ளியிடம் தான் தேடிவந்த மானைப் பற்றிக் கேட்கிற பாட்டு, ‘காயாத கானகத்தே’. கிட்டப்பா பாடிப் பரவியது. 1945இல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடியதைச் செல்போனில் போட்டுக் காட்டினேன். அதில் வருகிற மான் மேயாத மான், புள்ளி இல்லாத மான். அது எந்த மான் என்று விடுகதையாகப் போட்டேன். பொம்மை மான், செத்த மான், சிலை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்தான், “அவளையேதான் சொல்றான்!” என்று கத்தினாள். திரும்பப் பாட்டைப் போடச் சொன்னார்கள். இப்போது ஒவ்வொரு அடிக்கும் சிரிப்பு.

அப்புறம் இருவர் இருவராக எதிரெதிரே. ஒருவர் வள்ளி, ஒருவர் வேடன், மூன்றாவது ஆள் வாளியில் தாளம். ஒத்திகை பார்க்காமல் பேசவேண்டும், எதிராளி சொன்ன கடைசி வார்த்தையிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டாவது பதிலிலேயே பாதிப்பேருக்கு வார்த்தை வற்றிவிட்டது. இதையே விடிய விடியச் செய்கிறவர்களைப் பற்றி நான் வேறெதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918இல் மதுரையில் அவர் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடித்ததெல்லாம் சிறுவர்கள். பின்னால் பெரிய நடிகரான டி.கே. சண்முகம் அங்கே சேர்ந்தபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைவிடச் சின்னவர். இதைச் சொன்னதும் வாளிக்காரன் இன்னும் பலமாக அடித்தான்.

மே 29, வியாழன்

நாளைக்கு மத்தியானம் எல்லாரும் தூங்கவேண்டும். பாய், போர்வை, தண்ணீர். தூக்கம் வந்தால் தூங்கலாம், யாரையும் குறைசொல்ல மாட்டோம். வள்ளி வரும்போது பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிட வேண்டும்.

மே 31, சனி

காலை முழுக்கத் தூங்கி இப்போதுதான் எழுதுகிறேன்.

மேடை கோயிலைப் பார்த்துப் போட்டிருந்தது. அம்மன் பார்க்க நடக்கிற நாடகம். பபூன் சொன்ன சொல் காப்பாற்றினார், முன்வரிசையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். நடு ராத்திரிக்கு மேல் காட்டுப் படுதா இறங்கியது. பாதிப்பேர் தூங்கியிருந்தார்கள். ‘ஆலோலம்’ என்று உள்ளிருந்து குரல் வந்ததும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை, பதிலுக்கு இங்கிருந்தும் ஓர் ஆலோலம் போனது. வள்ளி வேஷம் கட்டிய அம்மா திரும்பிப் பார்த்து, இன்னொரு முறை நீட்டிப் பாடினார்.

வேடன் வந்து முதல் பாட்டை எடுத்தபோது சுருதி எங்கோ கீழே நின்றது. “டீச்சர், பெட்டி தேடுது” என்று என் காதில் சொன்னான், அன்றைக்கு ஒத்திகை பற்றிக் கேட்ட ஏழாம் வகுப்புப் பையன். ஆர்மோனியக்காரர் நடிகரின் முகத்தையே பார்த்தபடி ஒரு சுரத்தைத் தொட்டு விட்டார், அடுத்ததைத் தொட்டார். மூன்றாவது அடியில் இரண்டும் கூடின. பெரியவர் சொன்ன மாதிரியே கூட்டம் நிமிர்ந்தது. அந்தப் பையன் தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான். ‘மேயாத மான்’ வந்தபோது முன்வரிசை மட்டும் முன்கூட்டியே சிரித்தது, பின்னால் இருந்த பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தர்க்கத்தின் நடுவே தூங்கியவர்கள் உண்டு. பரவாயில்லை. யானைக்கு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். யானையே வரவில்லை, ஆல்ரவுண்டுக்காரர் எழுப்பிய சத்தத்திலேயே சின்னதுகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டன.

மாலை மாற்றும்போது வெளுத்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது ஐந்தாம் வகுப்புக்காரி தீர்ப்புச் சொன்னாள்: “வள்ளி ஒரு கேள்வியைக்கூட விடல. பேச்சுல அதுதான் ஜெயிச்சுச்சு. யானையைக் கூப்பிட்டது கள்ள ஆட்டம்.” மற்றவர்கள் முருகனுக்காக வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். எதிராளியின் கடைசி வார்த்தையைப் பிடித்து அவள் எல்லாருக்கும் பதில் சொன்னாள். அவள் வீட்டு வாசல் வந்த பிறகும் முடியவில்லை.

அடுத்த மாதம் பக்கத்து ஊரில் பவளக்கொடி. அர்ச்சுனன் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழுகிற இடத்திலிருந்து திங்கள்கிழமை ஆரம்பிக்கிறேன்.