அந்த முடக்கு யாருடையது? வீதிப் பாதுகாப்பு மானியம் எடுத்த அனுபவம்

இரண்டாவது தவணைப் பணம் போன வாரம் சங்கக் கணக்கில் விழுந்தது. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து பத்து மாதம். ஹட்டன் டவுனுக்கு மட்டும் இருபத்திரண்டு தடவை போய் வந்திருக்கிறேன், சங்கக் கொப்பியில் திகதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். மலையகத்தில் இன்னும் சில சங்கங்கள் இப்படியான சிறு மானியங்களுக்கு முயற்சி செய்வதாகக் கேள்விப்பட்டேன். பட்ட பாடெல்லாம் ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். எந்த நிதியம், எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லவில்லை.

எங்கள் இடம் ஹட்டன் – நுவரெலியா ஏ7 வீதியில் தோட்ட ரோடு வந்து சேரும் ஒரு முடக்கு, அதாவது வளைவு. மேல் லயன்களிலிருந்து இறங்கும் பிள்ளைகள் அங்கேதான் மெயின் ரோட்டைத் தொடுகிறார்கள். 2025 ஏப்ரலில் தரம் நான்கு படிக்கும் பிள்ளை ஒன்றை அங்கே லொறி தட்டி கால் முறிந்தது. அடுத்த மாதம், மே 11ஆம் திகதி, கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கிழமை சங்கக் கூட்டத்தில் வேறு எதையும் பேச முடியவில்லை. பாடசாலைகளில் வீதிப் பாதுகாப்புக் கல்வி நடத்த சமூகச் சங்கங்களுக்கு ஒரு நிதியம் மானியம் கொடுக்கிறது என்று தெரிந்து, ஜூனில் விண்ணப்பித்தோம்.

படிவத்தை நிரப்பியதில் கஷ்டம் இல்லை, எங்கள் தோட்டத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன தங்கச்சி ஒருத்தி இரண்டு இரவில் ஆங்கிலத்தில் முடித்துக் கொடுத்தாள். பிழை விட்டது நான். ‘இந்தத் திட்டம் ஏன் தேவை’ என்ற கேள்விக்கு, நாட்டில் வருடத்துக்கு 2000க்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் சாகிறார்கள், 2021 மார்ச்சில் பசறையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது, இப்போது கெரண்டிஎல்ல என்று ஒரு முழுப் பக்கம் எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இவையெல்லாம் எங்களுக்கும் தெரியும், உங்கள் முடக்கில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

நியாயமான கேள்விதான். அடுத்த திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை நானும் இரண்டு தம்பிமாரும் கொப்பியும் பேனையுமாக அங்கே நின்றோம். எத்தனை பிள்ளைகள், எந்தப் பக்கமாக நடக்கிறார்கள், எத்தனை வாகனம், எத்தனை ஹோர்ன் அடித்துத் திரும்புகிறது, எல்லாம் எழுதினோம். முக்கால்வாசிப் பிள்ளைகள் இடது பக்கமாக, வாகனத்துக்கு முதுகைக் காட்டித்தான் போனார்கள். செவ்வாய்க்கிழமை நல்ல பனிமூட்டம். ஒரு அக்காவும் தம்பியும் இறங்கி வந்தார்கள், வெள்ளைச் சீருடைக்கு மேலே கருநீல சுவெட்டர். இருபது அடி தள்ளி நின்ற எனக்கு சுவெட்டர் இரண்டும்தான் தெரிந்தன, வெள்ளை முழுக்க பனியோடு கரைந்துவிட்டது. அக்காள் கானோரமாக நடக்க, தம்பி ரோட்டுப் பக்கம் நடந்தான். சின்னப் பிள்ளையை உள் பக்கம் விட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இதை அப்படியே எழுதி, ஐந்து நாள் கணக்கையும் சேர்த்து அனுப்பினோம். நேர்முகத்துக்கு அழைத்தபோது அவர்கள் விசாரித்தது இந்தப் பகுதியை மட்டும்தான்.

கொள்கையளவில் சரி, ஆவணங்களைத் தாருங்கள் என்றார்கள். அலைச்சல் அங்கேதான் ஆரம்பம்.

சங்கப் பதிவு 2016இல் எடுத்தது, புதுப்பிக்கவே இல்லை. புதுப்பிக்க வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, கிராம சேவகரின் கடிதம் மூன்றும் வேண்டும். முதல் தடவை போன நாள் உரிய உத்தியோகத்தர் ஃபீல்டுக்குப் போயிருந்தார். இரண்டாவது தடவை அவர் இருந்தார், கூட்ட அறிக்கையில் வருகை தந்தவர்களின் கையெழுத்து இல்லை என்று திருப்பினார். கூட்டம் நடந்தது, நாற்பது பேர் வந்தார்கள், ஆனால் கையெழுத்து வாங்கவில்லை. திரும்பவும் கூட்டம் கூட்டினோம், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அந்தக் களைப்போடு பெண்கள் வந்து வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். தயவுசெய்து எந்தக் கூட்டம் நடந்தாலும் வருகைப் பதிவை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

வங்கியில் வேறு பிரச்சினை. பல வருடமாகப் பணம் போடாததால் கணக்கு செயலிழந்து கிடந்தது. அதைத் திறக்க தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அடையாள அட்டையோடு வர வேண்டும் என்றார்கள். மூவரும் ஒரே நாளில் வேலையை விடாமல் டவுனுக்கு வருவது லேசான காரியம் இல்லை, அதிலும் பொருளாளர் அக்கா கொழுந்து எடுப்பவர், அன்றைய சம்பளம் போய்விடும். போய் நின்றால், அவருடைய அடையாள அட்டையில் லெட்சுமி, பழைய கணக்குப் புத்தகத்தில் இலட்சுமி, ஆங்கில எழுத்தும் வேறு வேறு. இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் பாதிப் பேரின் பெயர் இப்படித்தான் பதிவாகியிருக்கிறது, எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அக்கா முகம் வாடிப்போனது. ‘நான் என்னா தம்பி கள்ளப் பேரா வச்சிருக்கேன்’ என்று வெளியே வந்து கேட்டார். அவருக்கு அந்த ஒரு நாள் சம்பளத்தைச் சங்கத்திலிருந்து கொடுத்தோம். பதவிக்கு ஆள் தெரிவு செய்யும் அன்றே மூன்று பேரின் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அனுமதிக் கடிதங்கள். இதில்தான் மூன்று மாதம் போனது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வீதியோரத்தில் பிள்ளைகளை வைத்துப் பயிற்சி செய்வதென்றால் வீதிக்குப் பொறுப்பானவர்களின் சம்மதம் வேண்டும் என்று நிதியம் கேட்டது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி மாகாணத்துக்கு, மற்றவை பிரதேச சபைக்கு, தோட்ட ரோடு கம்பனிக்கு. எங்கள் முடக்கில் மெயின் ரோடு ஒருவருடையது, தோட்ட ரோடு இன்னொருவருடையது, பஸ் தரிப்பிடம் மூன்றாமவருடையது. ஒவ்வொருவரும் மற்றவரிடம் போகச் சொன்னார்கள். ஓர் அலுவலகத்தில் என் தமிழ்க் கடிதத்தைப் பார்த்த லிகிதர், வாசிக்காமலே மேசையில் தள்ளி, ‘சிங்களத்தில் எழுதிக் கொண்டு வாங்க’ என்றார். முதல் நாள் பேசாமல் வந்துவிட்டேன். இரவெல்லாம் மனது ஆறவில்லை. அடுத்த தடவை பிரதான லிகிதரிடம் நேராகப் போய், 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டதாகப் பிரதியில் முத்திரை போட்டுத் தாருங்கள் சேர் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் முத்திரை போட்டுத் தந்தார். எட்டு நாளில் பதில் வந்தது.

பஸ் தரிப்பிடத்துக்காகப் பிரதேச சபைக்குப் போனபோது, தோட்டத்துக்குள் நாங்கள் எதுவும் செய்ய முடியாது, சட்டம் இல்லை என்றார்கள். அது பழைய கதை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவை 2018இல் திருத்தி, தோட்டப்புறத்திலும் சபை வேலை செய்யலாம் என்று கொண்டுவந்தார்கள். முன்னாள் உறுப்பினர் ஒருவர்தான் எனக்கு இதைச் சொல்லித் தந்தார். சட்ட இலக்கத்தோடு கடிதம் எழுதினேன், அந்த மறுப்பு பிறகு வரவில்லை. அங்கே போகிறவர்கள் இந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

பாடசாலை அனுமதிக்கு நேராக வலயக் கல்விப் பணிமனைக்குப் போனது இன்னொரு வீண் பயணம். அதிபர் ஊடாக, கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாகத்தான் கடிதம் வர வேண்டுமாம். பொலிஸ் போக்குவரத்துப் பிரிவில் மட்டும் ஒரே நாளில் முடிந்தது, சார்ஜன்ட் ஒருவர் தானே வந்து வகுப்பெடுப்பதாகச் சொல்லி அதன்படி வந்தார்.

வரவு செலவில் முடக்குக்கு ஒரு குவிவுக் கண்ணாடியும் ரோட்டில் கோடு போட பெயின்டும் கேட்டிருந்தோம். இரண்டையும் வெட்டிவிட்டார்கள், அது நிர்மாணம், கல்வி இல்லை. பையில் ஒட்டும் ஒளி தெறிக்கும் ஸ்டிக்கரைக் கல்விப் பொருளாக ஏற்றுக்கொண்டார்கள். மூன்று கடைகளின் விலைக்கூறல் வேண்டும், கடிதத் தலைப்பும் வியாபாரப் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். பில் புத்தகத்தில் கிழித்துத் தருவதை எடுக்க மாட்டார்கள். எங்களுடையவை முப்பது நாள் செல்லுபடி. நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலை முழுக்க மண்சரிவு, ரோடு இல்லை, ஜனங்கள் பாடசாலைகளில் தங்கியிருந்தார்கள், இதைப் பற்றி யாரிடம் போய்ப் பேசுவது? ஜனவரியில் திரும்பிப் பார்த்தால் மூன்று விலைக்கூறலும் காலாவதி, விலையும் கூடிவிட்டது. தொண்ணூறு நாள் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர்கள் தருவார்கள்.

முதல் தவணை பெப்ரவரியில் வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செலவழித்த எதையும் திருப்பித் தர மாட்டார்கள், நாங்கள் அவசரத்தில் அச்சடித்த பதாகைக் காசு எங்கள் கையிலிருந்துதான் போனது.

வேலை நன்றாக நடந்தது. மூன்று பாடசாலைகள், ஒரு த்ரீவீல் ஸ்டாண்ட். எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலது பக்கமாக நடக்க வேண்டும், ஆனால் கண் மறைக்கும் வலது முடக்கு வருமுன்பே நன்றாகப் பார்த்து வெளிப் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும் என்று கயிறு கட்டிக் காட்டினோம். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும், அடிக்கும்போது பக்கத்திலிருக்கும் கிலோமீட்டர் கல்லின் இலக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் கல்லை வாசிக்க வைத்தோம். த்ரீவீல் அண்ணன்மாரிடம் ஏறும் கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காது என்று சார்ஜன்ட் சொன்னபோது, அனுபவசாலி ஒருவர் எழுந்து தனக்கு ரம்பொடை இறக்கத்தில் நடந்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் இடையில் எழுந்து போகவில்லை.

அறிக்கைக்குப் பிள்ளைகளின் படம் அனுப்புவதென்றால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நாங்கள் படம் எடுத்த பிறகுதான் அறிந்தோம், லயன் லயனாகப் போய் வாங்கினோம். முன்கூட்டியே வாங்குங்கள்.

ஒரு நல்ல விஷயம் நடந்தது. அனுமதிக் கடிதத்தில் முடக்கை மறைத்து வளர்ந்த மானாப் புல்லைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தேன். மார்ச்சில் தோட்டத் துரை ஆளை அனுப்பி அதை வெட்டிவிட்டார். இப்போது மேலே நின்று பார்த்தால் வரும் வாகனம் முன்னைவிட நல்ல தூரத்திலேயே தெரிகிறது. அந்த அக்காவும் தம்பியும் பையில் ஸ்டிக்கரோடு போகிறார்கள், தம்பி உள் பக்கம்.

கண்ணாடிக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குத் தனியாகக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பிரதியில் முத்திரை இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்க செவ்வாய்க்கிழமை திரும்பவும் போகிறேன்.