பெங்களூரில் கிளாடியோலஸ்: கிழங்கைத் தோண்டுவது மழைக்காக

கிளாடியோலஸ் கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்கச் சொல்லும் வெளிநாட்டுத் தோட்ட வீடியோக்கள், உறைபனியில் அது செத்துவிடும் என்பதையே காரணமாகச் சொல்கின்றன. பெங்களூரில் உறைபனி ஏது? அதனால் பலரும் கிழங்கை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் இங்கே ஜூனில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஈரம் காயாத செம்மண்ணில் ஃபுசேரியம் பூஞ்சை கிழங்கை அழுக வைத்துவிடும். அதனால் மழை வலுக்கும் முன் தோண்டிவிட வேண்டும்; நடவுத் தேதியையும் மழையிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வைக்க வேண்டும்.

ரகத்தைப் பொறுத்து, நட்ட 60 முதல் 90 நாளில் பூ வரும். பூந்தண்டை அறுத்த பிறகு கிழங்கு முற்ற இன்னும் 6 முதல் 8 வாரம். லால்பாக்கில் குடியரசு தினக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் நட்டால் ஏப்ரலில் பூ, ஜூன் நடுவுக்குள் கிழங்கு கையில். சீக்கிரம் பூக்கும் ரகமானால் பிப்ரவரி பாதிவரை பத்து நாளுக்கு ஒரு வரிசை நடலாம். மார்ச் நடவுக்கும் பூ வரும். கிழங்குதான் மழையில் மாட்டும்.

வாங்கும்போது 4 முதல் 5 செ.மீ. விட்டமுள்ள கிழங்காகப் பாருங்கள். தட்டையாக அகன்றதைவிட, நடுவில் உயர்ந்து தடித்ததே மேல். மேல்தோலை உரித்துப் பாருங்கள். குழிந்த பழுப்புப் புள்ளி இருந்தால் வேண்டாம். எப்போது தோண்டியது என்றும் கேளுங்கள். புதிதாகத் தோண்டிய கிழங்கு 2, 3 மாதம் உறங்கும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் முளைக்காது. நுனியில் வெள்ளை முளை தெரிந்தால் தூக்கம் கலைந்துவிட்டது என்று பொருள். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள் கிடைத்தால் அவற்றையே எடுங்கள்.

கிழங்கை, லிட்டருக்கு 2 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடுங்கள். சதுர மீட்டருக்கு மக்கிய சாணி எரு 5 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 200 கிராம். ஆழம் 8 முதல் 10 செ.மீ., இடைவெளி 15 முதல் 20 செ.மீ. புதுக் கிழங்கு பழையதின் தலைமேல்தான் உருவாகும். மேலாக நட்டால் பூந்தண்டு வந்ததும் செடி சாய்ந்துவிடும். சூப்பர் பாஸ்பேட் போடாதீர்கள்: அதிலுள்ள ஃபுளோரைடு இலை நுனியைக் கருக்கும். சில போர்வெல் தண்ணீரிலும் இதே தொல்லை உண்டு.

மூன்றாம் இலையிலும் ஆறாம் இலையிலும் சதுர மீட்டருக்கு 15 கிராம் யூரியா போட்டுத் தண்ணீர் விடுங்கள். இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில், சரியாக மார்ச் வெயிலில், மண் காயவே கூடாது. காய்ந்தால் தண்டு குருடாகும்: இலை செழிப்பாக இருக்கும், பூந்தண்டு வராது. நிழல் விழுந்தாலும் இதேதான். அபார்ட்மென்ட் சுவரோரத்தில் பூக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தென்னை நார்க்கழிவால் மூடாக்குப் போடுங்கள். இலையிலும் மொட்டிலும் வெள்ளிக் கீறல் தெரிந்தால் இலைப்பேன். மொட்டு வெளுத்து விரியாமலே வாடும். வேப்ப எண்ணெயை மொட்டு வருவதற்கு முன்பே, மாலையில் அடிக்க வேண்டும்.

அடியிலுள்ள ஒன்றிரண்டு மொட்டில் நிறம் தெரிந்ததும், விடியற்காலையில் அறுங்கள். செடியில் குறைந்தது 4 இலை நிற்கட்டும். அடுத்த ஆண்டின் கிழங்கை வளர்ப்பது அவைதான். அறுத்த தண்டைப் படுக்கவைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நிமிராது. நிமிர்த்தியே வையுங்கள்.

இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தித் தோண்டுங்கள். காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்ந்ததும் அடியிலுள்ள சுருங்கிய பழைய கிழங்கு கையால் திருகினாலே கழன்றுவிடும். வலைப்பையில் தொங்கவிடுங்கள்; பிளாஸ்டிக் கவர் வேண்டாம். புதுக் கிழங்கைச் சுற்றி ஒட்டியிருக்கும் குட்டிக்கிழங்குகளின் ஓடு கடினம். ஒரு நாள் ஊறவைத்து நட்டாலும் பூக்கும் அளவுக்கு வர இரண்டு மூன்று பருவம் ஆகும். இடம் குறைவென்றால் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

ஆண்டாண்டுக்குத் தோண்டச் சலிப்பாக இருந்தால் சம்பங்கி போடுங்கள். 5 செ.மீ. ஆழம், வடிகால் உள்ள மேட்டுப்பாத்தி. மூன்று ஆண்டு அப்படியே கிடக்கும். ஜாடிக்கு அடுக்கு ரகமான சுவாசினி, உதிரிப் பூவுக்கு ஒற்றை ரகம். முன்வரிசைக்கு கெய்லார்டியா: வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் வெயில் முழுக்கப் பூக்கும், அதிக எரு போட்டால் இலைதான் மிஞ்சும். டே லில்லியைப் பாத்தியோரத்தோடு விட்டுவிடுங்கள். ஒரு பூ ஒரே நாள்தான், ஜாடிக்கு ஆகாது.