மூன்றாவது ஃபேன்

ஃபேனை அணைத்த கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் கட்சி பிரிகிறார்கள். இசை தெரிந்தவர்கள், "அணைச்சதுதான் சரி, வேற என்ன செய்வீங்க?" என்கிறார்கள். மற்றவர்கள், "மார்ச் மாசத்திலயா?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் எந்தக் கட்சி என்பது, கேட்கிற ஆளைப் பொறுத்து மாறிக்கொண்டிருக்கிறது.

என் துறை இயற்பியல். எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் நடக்கும் பியானோ கச்சேரிகளுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், ஒரு கமிட்டிக் கூட்டத்தில் யாரோ "சவுண்டு விஷயமா? அதை பிசிக்ஸ் சார் பாத்துப்பார்" என்று சொன்னதில் தொடங்கியது. இந்தக் கச்சேரிகளுக்கு மைக் கிடையாது. ஆகவே சவுண்டு ஏற்பாடு என்றால் வேறு சவுண்டு வராமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. ஜெனரேட்டரை மைதானத்தின் மறுகோடிக்குத் தள்ள வேண்டும். கேட்டில் ஒரு மாணவனை நிறுத்தி, ஹாரன் அடிக்கிற ஆட்டோக்காரர்களைக் கும்பிட்டுத் திருப்ப வேண்டும். கேன்டீனில் அந்த நேரத்தில் கிரைண்டர் ஓடக் கூடாது. ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தச் சொல்வதும் நான்தான்.

மார்ச்சில் வைப்பது பியானோவை நினைத்துத்தான், மனிதர்களை நினைத்து யாரும் தேதி குறிக்கவில்லை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் விழுகிற குமரி மாவட்டம் இது. ஜூனில் பிடித்தால் டிசம்பர் வரை காற்றில் ஈரம்தான். பியானோவின் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரம். அது ஈரத்தைக் குடித்து உப்பும்போது கம்பிகள் இறுகி சுருதி ஏறும். எல்லாக் கம்பியும் ஒரே அளவில் ஏறினாலாவது பரவாயில்லை, நடுப்பகுதி ஒரு கணக்கிலும் ஓரங்கள் வேறொரு கணக்கிலும் ஏறும். ஏறத்தாழ 230 கம்பிகள் சேர்ந்து 18 டன்னுக்குக் குறையாமல் இழுத்துக்கொண்டு நிற்கிற பெட்டி அது. மழைக்காலம் முழுக்க, ஹால் பொறுப்பில் இருக்கும் அண்ணன் பியானோவுக்கு அடியில் ஒரு 40 வாட் பல்பை எரியவிட்டு, மேலே கம்பளி போர்த்தி வைத்திருப்பார். பிள்ளை பெற்றவளுக்குக்கூட வீட்டில் இந்த கவனிப்பு நடக்காது என்று அவரே சொல்வார். இரண்டு மழையும் ஓய்ந்து, மரம் அடங்கி, ட்யூனர் வந்து போனபிறகுதான் கச்சேரி. அதற்குள் வெயில் வந்துவிடும்.

அந்த வருஷம் வாசிக்க வந்தவர் வெளியூர்க்காரர். தன்மையான மனிதர். மத்தியானம் ஒத்திகைக்கு உட்கார்ந்தவர், பாக் எழுதிய ‘வெல் டெம்பர்டு கிளேவியர்’ முதல் தொகுதியின் முதல் பிரெலூடை எடுத்தார். 1722-இல் தொகுத்தது. இங்கே கிரேடு பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் தட்டிப் பார்க்கிற உருப்படிதான். முடிவுக்குச் சற்று முன்னால் இடது கை கீழ் G சுரத்தில் போய் நிற்கும், மேலே வலது கை மாறிக்கொண்டே இருக்க, எட்டு பார்களுக்கு, அதாவது எட்டு தாளக் கட்டங்களுக்கு, அந்த G நகராது. அந்த இடத்தில் அவர் நிறுத்தினார். திரும்பவும் வாசித்தார். மேலே பார்த்தார்.

"சார், யாரோ கூடவே பாடற மாதிரி இருக்கே?"

எட்டு ஃபேன்களும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதன்முறையாக அந்தக் கமிட்டியில் என் படிப்புக்கு ஒரு வேலை வந்தது. நம்முடைய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுற்று. மோட்டாருக்குள் காந்த இழுப்பு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வரும், ஆக ஃபேனின் உறுமல் 100 ஹெர்ட்ஸ். நடு A-யை 440-இல் வைத்து ட்யூன் செய்த பியானோவில் அந்தக் கீழ் G சரியாக 98. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். முதலாமாண்டு பாடம். "மின்வாரியம் போடற சுருதி, ரெண்டு ஹெர்ட்ஸ் தப்பு" என்றேன். அவர் ரசித்துச் சிரித்தார். சிரித்துவிட்டு, அணைக்க முடியுமா என்று கேட்டார்.

வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்றேன். அது இன்னும் மோசம். ஹாலில் இருப்பவை புதுவகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள். அவை மின்னலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கும், அந்த வெட்டலில் மோட்டார் முன்னைவிட அதிகமாக உறுமும். ஐந்தில் வைத்தால் காற்றின் இரைச்சல், இரண்டில் வைத்தால் உறுமல். அண்ணன் ஸ்விட்ச் போர்டில் நிற்க, நான் ஒவ்வொரு ஃபேனுக்கும் அடியில் போய் நின்று காது கொடுத்தேன். மேடையிலிருந்து மூன்றாவது ஃபேன் மட்டும் வேறு மாதிரி. அதற்கு இன்னும் பழைய பெட்டி ரெகுலேட்டர், எப்படியோ மாற்றாமல் விட்டுப்போயிருந்தது. மெதுவாக வைத்தால் சத்தமே இல்லை என்று சொல்லலாம். வாசிப்பவரும் எழுந்து வந்து கேட்டார். "இது பரவால்ல" என்றார். நாற்காலிக்குத் திரும்பப் போகிற வழியில், "எல்லாத்தையும் நிறுத்திட்டா நிம்மதி" என்றும் சொன்னார்.

இந்த இரண்டு வாக்கியத்தில் எதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்? இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். விருந்தாளி கடைசியாகச் சொன்னதுதானே அவர் விருப்பம் என்பது என் நியாயம். முதலில் சொன்னதுதான் அவர் காதால் கேட்டுச் சொன்னது, பின்னது சும்மா ஆசை என்றும் வாதாடலாம். என் வீட்டில் அப்படித்தான் வாதாடுகிறார்கள்.

மாலையில் கூட்டம் நன்றாக வந்தது. பின்வரிசைகளில், வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு தரும் ஓ.டி. கிடைக்கும் என்று வந்த மாணவர்கள். முன்வரிசைகளில் ஓய்வு பெற்றவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவ சபைகளில் குவயர் என்கிற பாடகர் குழு நடத்தியவர்கள், ஆர்மோனியமோ ஆர்கனோ வாசித்தவர்கள். ரிங்கல்தௌபே என்கிற மிஷனரி இங்கே மயிலாடிக்கு வந்தது 1806-இல். அந்த லண்டன் மிஷன் காலத்து விதைதான், இங்கே ஊருக்கு ஊர் ஒரு குவயர் இருக்கிறது. பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ எங்கே பிசகுகிறது, ஆண்களின் மேல்குரலான டெனர் எங்கே இழுக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிற கலைஞர்களுக்கு இது தெரியாது. மேற்கத்திய சங்கீதத்தை நமக்கு அறிமுகம் செய்ய வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு முன்னுரை கொடுப்பார்கள். கிழவர்கள் புன்னகையோடு கேட்டுக்கொள்வார்கள்.

முன்வரிசையில் ஒரு டீச்சர். எங்கள் கல்லூரிக்காரர் அல்ல. பல வருஷம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர், இந்தக் கச்சேரிகளைத் தவறவிடாதவர்.

பாக் முடிந்தது. எட்டு பார்களும் கண்ணாடி போல வந்தன, எந்த அலையும் இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கைதட்டல் நடந்துகொண்டிருக்கும்போதே முன்வரிசையில் ப்ரோக்ராம் ஷீட்டுகள் வெளியே வந்தன. விசிற ஆரம்பித்தார்கள். அந்த ஷீட்டை நல்ல தடிமனான ஆர்ட் பேப்பரில் அடிக்கலாம் என்பது என் யோசனை. விசிறிக்கென்றே செய்த மாதிரி இருந்தது. படபடவென்று சத்தமும் நன்றாகவே வந்தது.

அண்ணன் பக்கவாட்டுக் கதவோரமாகக் குனிந்து வந்தார்.

"சாரே, அந்த மூணாவத மட்டும் போடட்டா? அது சத்தம் போடாதுல்லா. முன்னால வயசானவிய இருக்காவ."

"வேண்டாம் அண்ணே. ஒண்ணு போட்டாலும் எல்லாம் போட்ட மாதிரிதான்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் தலையாட்டிவிட்டுப் போய் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டார்.

இந்தப் பதிலைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். ஒன்று போட்டால் எல்லாம் போட்ட மாதிரி என்பது இயற்பியல் இல்லை. ஒரே மாதிரியான எட்டு ஃபேன்களில் ஏழை நிறுத்தினால் ஏறத்தாழ 9 டெசிபல் குறையும். அந்த மூன்றாவது ஃபேனோ மற்றவற்றைவிட எவ்வளவோ அமைதியானது. பரீட்சையில் ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். அண்ணன் மறுபேச்சுப் பேசாததற்குக் காரணம், சொன்னது பிசிக்ஸ் சார் என்பதுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால், "போட்டுப் பாப்போமே சாரே" என்றிருப்பார்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். டெசிபல் மீட்டர் கேட்பது வேறு, காது கேட்பது வேறு. எட்டு ஃபேன் ஓடும்போது அந்த இரைச்சலை மனம் ஒதுக்கிவிடும். சுத்த மௌனத்தில் ஒரே ஒரு ஃபேன் ஓடினால் காது அதையே தேடிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த அர்த்தத்தில் நான் சொன்னது பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் இதையெல்லாம் யோசித்தா சொன்னேன் என்றால், அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. மத்தியானத்துப் பாராட்டு மண்டைக்குள் இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பீத்தோவன், ஓபஸ் 27-இன் இரண்டாவது சொனாட்டா. ‘மூன்லைட்’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயர் அவர் வைத்ததல்ல, அவர் இறந்தபிறகு ஒட்டிக்கொண்டது. முதல் பகுதி முழுக்க மிக மென்மையாக வாசிக்க வேண்டும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அதைத்தான் அன்று நாங்கள் மார்ச் மாதப் புழுக்கத்தில், ஜன்னல் சாத்திய ஓட்டுக்கூரை ஹாலில், ஆர்ட் பேப்பர் படபடப்புக்கு நடுவே கேட்டோம். பாதியில் டீச்சர் எழுந்தார். ஸ்டீல் நாற்காலி தரையில் கிரீச்சிட்டது. அண்ணன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வாசிப்பவர் நிமிரவே இல்லை.

முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு ஊரில் தன் பியானிஸிமோ, அதாவது மிக மெல்லிய ஒலியில் வாசிப்பது, தனக்கே கேட்டதில்லை என்றார். உபசாரத்துக்குச் சொன்ன மாதிரி இல்லை. விசிறல் சத்தம் கேட்டதா என்று நான் கேட்கவில்லை.

ஹாலைப் பூட்டும்போது அண்ணன் சொன்னார்: "கேக்க வந்தவியள வேக வச்சு அனுப்பியாச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீச்சருக்கு முகமெல்லாம் வேர்த்து ஊற்றியதாகவும், வெளியே ஒரு சோடா வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டதாகவும் சொன்னார்.

பிறகு ஒரு கல்யாண வீட்டில் டீச்சரைப் பார்த்தபோது நானே பேச்சை எடுத்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு மக்களே, அதான் எந்திச்சேன். பையன் அருமையா வாசிச்சான்" என்றார். அந்த நேரத்துக்கு நாகர்கோவிலில் பஸ்ஸுக்கு என்ன பஞ்சம்? அதுவும் ஆட்டோவில் போனவருக்கு? என் மனம் நோகக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். ஆட்டோ பஸ் ஸ்டாண்டுக்கும் போயிருக்கலாம். வடசேரியில் எத்தனை மணிக்கு எந்த பஸ் என்று டைம்டேபிளை எடுத்து ஒருநாள் பார்த்துக்கூட விட்டேன், அந்த அளவுக்குப் போயிருக்கிறது விஷயம். டீச்சர் வீடு இருக்கிற ஊருக்கு ஒரு பஸ் அந்தச் சமயத்தில் இருக்கத்தான் செய்கிறது. அடுத்ததும் இருக்கிறது.

ஆராதனையில் யாரும் ஃபேனை அணைப்பதில்லை. குழந்தை அழும், யாராவது இருமுவார்கள், பாட்டு அதன்பாட்டுக்கு நாலு பார்ட்டில் மேலே போகும். கர்நாடகக் கச்சேரியில் சபாவே தொடையில் தாளம் போடும். டீச்சர் போன்றவர்கள் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள், அவர்களுக்கு இந்த மௌனம் வெளியிலிருந்து வந்தது என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஹாலில் பியானிஸிமோ என்றால் என்ன என்று டீச்சரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவருக்குக் காற்று போதும், மௌனம் எங்களைப் போன்றவர்களுக்கு என்று பிரிப்பது அவரைக் குறைத்துப் பேசுவது இல்லையா? அவர் இரண்டையும் எதிர்பார்த்து வந்திருப்பார். மூன்றாவது ஃபேன் ஏறத்தாழ இரண்டையும் கொடுத்திருக்கும் என்பதுதான் என் தொல்லை.

அடுத்த வருஷம் ஏ.சி. வாடகைக்கு எடுக்கும் பேச்சு வந்தது. ஓட்டுக்கூரைக்கு ஏ.சி. வைத்தால் குளிர் ஆகாயத்துக்குத்தான் போகும் என்று நானே தடுத்தேன். அது சுத்தமான இயற்பியல், யாரும் மறுக்க முடியாது. ஆனால் வாசிக்க வந்த அம்மா கேட்டுக்கொண்டபோது எட்டு ஃபேனையும் அணைத்தேன். ஆமாம், மறுபடியும். பழைய ரெகுலேட்டரையும் அதற்குள் யாரோ மாற்றியிருந்தார்கள், அதனால் அந்த முறை யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ப்ரோக்ராம் ஷீட்டை மட்டும் சாதாரணத் தாளில் அடித்தோம். டீச்சர் வரவில்லை. வயசாகிவிட்டது, கண் ஆபரேஷன் என்றார்கள்.

இந்த வருஷ அழைப்பிதழின் ப்ரூஃப் இப்போது கமிட்டியில் சுற்றுகிறது. ‘நிகழ்ச்சியின்போது மின்விசிறிகள் இயங்காது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன், வருகிறவர்கள் தெரிந்து வரட்டும் என்று. தமிழ்த்துறை நண்பர் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் "இதப் படிச்சா யாரு வருவா?" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். நான் அந்த அடித்தலை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். அண்ணனிடம் காட்டியபோது, "வரி கிடக்கட்டும் சாரே, ஒரு பழைய ரெகுலேட்டர் கெடைக்குமாண்ணு செட்டிக்குளம் பக்கம் கடையில கேட்டுட்டு வாறேன்" என்றார். கேட்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வாசிக்க வருகிறவரிடம் அதைப்பற்றி இன்னும் பேசவில்லை.