உப்பும் தயிரும்

செப்டம்பர் 4
மறுபடி பேதி. இராத்திரி முழுக்க பெட்ஷீட் மாற்றினேன்.

செப்டம்பர் 5
வருஷக்கணக்காக இவன் தட்டில் உப்பு விழாமல் காவல் காத்த நான், இன்று ஓஆர்எஸ் கரைத்து, குடிடா கண்ணா குடிடா என்று கெஞ்சுகிறேன். கன்னம் ஸ்டீராய்டில் உப்பிக் கிடக்கிறது, நாக்கு காய்ந்து கிடக்கிறது. நெஃப்ரோடிக் பிள்ளைக்கு, அதாவது சிறுநீரகம் புரதத்தை மூத்திரத்தில் கசியவிடுகிற இவனுக்கு, உடம்பில் தண்ணீர் வற்றினால் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து சும்மா சும்மா அவன் காலை அமுக்கிப் பார்க்கிறேன், அவன் உதைக்கிறான். உதைக்கட்டும்.

எதிர்ப்புசக்தியைக் குறைக்க இவனுக்குக் கொடுக்கிற மைக்கோஃபீனோலேட் மாத்திரைகூடப் பேதியைக் கிளப்புமாம். எதற்கும் மலம் லேபுக்குப் போயிருக்கிறது.

செப்டம்பர் 6
மாத்திரையால் வந்ததில்லை. கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமி, அதன் நஞ்சு (டாக்சின்) பாசிட்டிவ். போன மாதம் வயிற்றுக்குள் தொற்று என்று ஏற்றிய செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் அந்தத் தொற்றின் கிருமியோடு, குடலில் நல்லபடியாகக் குடியிருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துக் காலி செய்துவிட்டது, காலி இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஊசி இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை, யாரைத் திட்ட? 1935-இல் இதை முதன்முதலில் கண்டதே ஆரோக்கியமான பச்சைக் குழந்தைகளின் மலத்தில்தானாம். கைக்குழந்தை வயிற்றில் பெரும்பாலும் சும்மா கிடக்குமாம். சும்மா!

செப்டம்பர் 7
இந்தக் கிருமிக்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக். ஊசி மருந்துதான், ஆனால் நரம்பில் போட்டால் குடலுக்குப் போய்ச் சேராதாம், அதனால் வாயில் ஊற்றச் சொல்கிறார்கள். நர்ஸ் அக்கா குப்பியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுத்தார். கசப்பு. பாதி என் புடவையில்.

கட்டிலில் தொங்குகிற சானிடைசரை எல்லோரும் தேய்த்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். இந்தக் கிருமியின் ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்குகிற வடிவம், அதற்குச் சாகாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். பெரிய நாத்தனாரையே வாஷ்பேசினுக்குத் திருப்பி அனுப்பினேன். முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

செப்டம்பர் 8
சோப்பு தீர்ந்துவிட்டது. யாரோ அதே கையால் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 10
அத்தை தயிர் கொண்டுவந்துவிட்டார். "வயித்துக்கு இதவிட மருந்து உண்டாடி?" மெடிக்கலில் நல்ல பாக்டீரியா பாக்கெட் விற்கிறதே என்று நானும் கேட்டுத்தான் பார்த்தேன். எதிர்ப்புசக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு அந்த உயிருள்ள கிருமியே இரத்தத்தில் ஏறிவிடலாம், இப்போது வேண்டாம் என்றார் டாக்டரம்மா. தயிரைப் பற்றிக் கேட்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தூக்கு அப்படியே இருக்கிறது. அத்தை அதைப் பார்க்கிறார், நான் அத்தையைப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 11
பேதி குறைகிறது. இட்லி கேட்டான்!

செப்டம்பர் 12
மூத்திரத்தில் புரதம் பார்க்கிற ஸ்ட்ரிப் லேசாகப் பச்சை அடிக்கிறது, புரதம் போகிறது என்று அர்த்தம். தொற்று வந்தால் மூத்திரத்தில் புரதமும் போகும் என்று தெரியும், அதற்காகத்தானே ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்த ஸ்டீராய்டைத் தினமும் ஆக்கினார்கள். மூன்று நாள் தொடர்ந்து நிறையப் போனால்தான் ரிலாப்ஸ், நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. இது முதல் நாள்.

செப்டம்பர் 13
மறுபடி பச்சை, நேற்றைவிடக் கொஞ்சம் அழுத்தமாக. இவரிடம் சொல்லவில்லை. ரவுண்ட்ஸில் கேட்க வேண்டியது: வான்கோமைசின் முடிந்த பிறகு இந்தக் கிருமி திரும்பி வந்தால் என்ன செய்வது, ஸ்டீராய்டு ஏற்றுவார்களா, தயிர்